டபராவோடு நிற்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காபிக் கவிதை என்றாலே ஆவி பறக்கும் டபரா டம்ளரைத்தான் வரைகிறார்கள். தோழியின் கவிதைக்குப் படம் போட உட்கார்ந்தபோது என் கையும் முதலில் அங்கேதான் போனது. கவிதையோ காபிப் பழம் பறிக்கும் அம்மாவைப் பற்றியது. அழித்துவிட்டேன்.

அப்புறம் தாண்டிக்குடியில் எங்கள் தோட்டத்துக்கே போய் வரைந்தேன். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். அவற்றின் கக்கத்தில் பழங்கள் கொத்தாக நெருக்கியடித்து நிற்கும். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும். சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். பறித்துப் பறித்துக் கறுத்துப்போன அம்மாவின் விரல்நுனியை வரையத்தான் இரண்டு நாள் பிடித்தது.

உங்கள் ஞாயிறு இணைப்பில் காபிக் கவிதை வந்தால், ஓவியரிடம் இந்தச் செடியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கோடை மழைக்குப் பிறகு வந்தால் வெள்ளைப் பூவும் இருக்கும்.

— ஓவிய ஆசிரியை, தாண்டிக்குடி