கேட் வரைக்கும் வண்டி வேணாம், புள்ளைங்க நடந்து வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஸ்கூல் வாசல்ல காலைல ஆகுற நெரிசலைப் பத்தி உங்க பேப்பருக்கு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், போன மாசம் ஒரு விஷயம் நடந்ததுக்கு அப்புறம் இனிமே தள்ளிப் போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன். என் பொண்ணுக்கு ஏழு வயசு. கேட்டுக்கு எதிர்ப்பக்கம் வரிசையா நின்ன கார்ல ரெண்டுக்கு நடுவுல ரோடு கிராஸ் பண்ண நின்னோம், எனக்கு ரெண்டு பக்கமும் நல்லா தெரியுது, வா போலாம்னு கையப் புடிச்சு இழுத்தா அவ வரமாட்டேங்குறா, "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா"ங்குறா. சரின்னு அவ பக்கத்துலயே குந்தி உக்காந்து அவ கண்ணு மட்டத்துல இருந்து பாத்தேன். இந்தப் பக்கம் ஒரு ஹெட்லைட், அந்தப் பக்கம் ஒரு டிக்கி. ரோடே தெரியல. அப்போ வர்ற வண்டிக்காரருக்கும் இவ தெரிய மாட்டாதானே, இவ தலை அந்த பானெட்டத் தாண்டவே இல்ல. இத்தன நாளா "ரெண்டு பக்கமும் பாத்து கிராஸ் பண்ணு, ரெண்டு பக்கமும் பாத்து கிராஸ் பண்ணு"ன்னு தினம் சொல்லி அனுப்பினேனே, எதப் பாக்கச் சொன்னேன்னு எனக்கே அன்னைக்கு நெஞ்சு பதறிடுச்சு.

அங்க நின்ன வண்டியெல்லாம் யாரோடது? பெத்தவங்க எங்களோடதுதான். ரோட்ல வண்டி ஜாஸ்தி, பயமா இருக்குன்னு புள்ளைய வண்டில கொண்டு வந்து விடுறோம், நாம விடுறதால கேட்டுக்கிட்ட வண்டி இன்னும் ஜாஸ்தியாகுது, அதப் பாத்துட்டு நேத்து வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்தவங்களும் வண்டிய எடுக்குறாங்க. இது ஏதோ ஒரு ஊர் கதை இல்ல. அமெரிக்காவுல 1969-ல 5 வயசுலேருந்து 14 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள்ல 48 சதவீதம் நடந்தோ சைக்கிள்லயோதான் ஸ்கூலுக்குப் போயிருக்காங்க, 2009-ல அது 13 சதவீதம் ஆயிடுச்சு. ஸ்கூலெல்லாம் தூரமாப் போனதும் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா பத்து நிமிஷ நடைல ஸ்கூல் இருக்குறவங்களும் வண்டில வர்றத நாம கண்ணாலயே பாக்குறோமே.

5 முதல் 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷமாவது உடம்புக்கு நல்ல வேலை இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போக வர நடந்தாலே அதுல ஒரு பங்கு தானா முடிஞ்சிடும். ஆனா அதே நிறுவனம்தான் 5 வயசுலேருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு முதல் காரணம் ரோடு விபத்துன்னும் சொல்லுது. அதனால பெத்தவங்க பயம் பொய்யில்ல. "பயப்படாதீங்க, நடக்க விடுங்க"ன்னு வெறுமன சொல்லிட்டுப் போறது பொறுப்பில்லாத பேச்சு, நான் அதச் சொல்ல வரல. நான் சொல்றது, கூடவே நடங்கன்னு.

அமெரிக்காவுல ஐயோவா பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2017-ல வெளியிட்டாங்க, வண்டி தொடர்ந்து வர்ற ரோட்ல சரியான இடைவெளி பாத்து, சரியான நேரத்துக்கு காலடி எடுத்து வைக்கிற திறமை பெரியவங்க அளவுக்கு வர 14 வயசு ஆகுதாம். அப்போ ஏழு வயசுப் புள்ளைகிட்ட போய் வாயால சொன்னா போதுமா? நாங்க ரெண்டு பேரும் இப்போ எப்படிப் பண்றோம்னா, நிக்கிற வண்டிங்களுக்கு நடுவுல கிராஸ் பண்றதே இல்ல, கொஞ்சம் சுத்தினாலும் ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரியுற இடத்துக்குப் போயிடுவோம், சிக்னலோ ஜீப்ரா கிராஸிங்கோ இருந்தா அங்கதான். அங்க நான் வாயத் தொறக்க மாட்டேன், அவதான் பாத்துட்டு "இப்போ போலாம்"னு சொல்லணும், தப்பாச் சொன்னா நான் நகராம நிப்பேன், ஏன்னு அவளே யோசிப்பா. மொதல் ரெண்டு வாரம் தப்பு தப்பாதான் சொன்னா. தூரத்துல வர்ற வண்டிய ரொம்ப தூரம்னு நெனச்சுக்குறா, ஆனா அது வேகமா வருதுங்கறது அவளுக்குப் புடிபடல. சத்தத்த வச்சு சொல்லவும் முடியாது, இப்போதான் எலக்ட்ரிக் வண்டி சத்தமே இல்லாம வருதே.

இன்னொண்ணு இத எல்லாப் பெத்தவங்களும் தயவு செஞ்சு கேளுங்க, ஸ்கூல் விடுற நேரத்துல எதிர்ப்பக்கம் வண்டிய நிறுத்திட்டு அங்கேருந்தே "கண்ணா இங்க வா"ன்னு கூப்பிடாதீங்க. அம்மா குரல் கேட்டா புள்ள ரோட்டப் பாக்காது, அம்மாவதான் பாக்கும், ஓடி வந்துடும். நீங்க கிராஸ் பண்ணிப் போய் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. பிளாட்பாரம் இல்லாத ரோட்ல வண்டிக்கு முகம் காட்டி நடக்கச் சொல்லிக் குடுங்க, முதுகு காட்டி வேணாம்.

தினமும் கூட நடக்க எல்லாருக்கும் நேரம் இருக்காதுன்னு எனக்கும் தெரியும். அதுக்குதான் 1990-கள்ல டேவிட் எங்விக்ட்ங்கிற ஆஸ்திரேலியர் நடக்குற ஸ்கூல் பஸ்னு ஒரு யோசனை சொன்னாரு. பஸ் மாதிரியே ரூட் உண்டு, ஸ்டாப் உண்டு, டைம் உண்டு, ஆனா எல்லாரும் நடக்குறாங்க, முன்னாடி ஒரு பெரியவர் பின்னாடி ஒரு பெரியவர், ஸ்டாப்புல நிக்கிற புள்ளைங்க சேந்துக்குவாங்க. நாலஞ்சு வீடு முறை வச்சுக்கிட்டா ஒருத்தருக்கு வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான். ஜப்பான்ல நெறைய ஊர்ல பெரிய கிளாஸ் புள்ளைங்க சின்னவங்களக் கூட்டிட்டு கும்பலாவே போவாங்க, ஒண்ணாம் கிளாஸ் புள்ளைங்க தலைல மஞ்சள் தொப்பி, தூரத்துலயே கண்ணுல படும்.

வண்டி ஓட்டுறவங்களுக்கும் ஒரு கணக்கு சொல்றேன். பிரிட்டன்ல ஓட்டுநர்களுக்கான கையேட்டுல போட்டிருக்கு, 32 கிலோமீட்டர் வேகத்துல போற கார் டிரைவர் பாத்து பிரேக் போட்டு நிக்க 12 மீட்டர் ஆகும், 48 கிலோமீட்டர் வேகம்னா 23 மீட்டர். வேகம் பாதிதான் கூடுது, தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பதினஞ்சு மீட்டர்ல ஒரு புள்ள திடீர்னு எறங்கினா மொத வண்டி நின்னுடும், ரெண்டாவது வண்டி நிக்காது. நடக்குறவங்களும் வண்டியும் சேந்து புழங்குற இடத்துல 30 கிலோமீட்டருக்கு மேல வேணாம்னு 2020-ல ஸ்டாக்ஹோம்ல பல நாடுகள் கூடி அறிக்கையே விட்டிருக்காங்க. இத்தாலில போல்சானோங்கிற ஊர்ல ஸ்கூல் தொறக்குற, விடுற நேரத்துக்கு வாசல் தெருவுல வண்டியே விடாம நிறுத்தி வச்சாங்க, அதப் பாத்து வேற நாடுகள்லயும் பண்றாங்க. அதெல்லாம் அதிகாரிங்க பண்ண வேண்டியது, அவங்க பண்ணட்டும், ஆனா ரெண்டு தெரு முன்னாடியே வண்டிய நிறுத்திட்டு மிச்சத்த நடக்குறதுக்கு யாரோட ஆர்டரும் வேணாம், நாளைக்கே பண்ணலாம்.

இப்போ எங்க கூட இன்னும் மூணு புள்ளைங்க நடக்குறாங்க. நேத்து கேட்டுக்கிட்ட கார்ல புள்ளைய எறக்கி விட்ட ஒரு அப்பா, கண்ணாடிய எறக்கி, நீங்க எத்தன மணிக்குக் கெளம்புறீங்க, எங்கேருந்து வர்றீங்கன்னு கேட்டாரு. சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை பையனக் கூட்டிட்டு வந்து தெரு முனைல நிக்கிறேன்னாரு.

இப்படிக்கு,
ரெண்டாம் கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா