குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி கெட்டியாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று மகளிர் இணைப்புகளில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், ஆப்பிள் கூழ் என்று பட்டியல் நீள்கிறது. மாவு எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மி.லி. என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. இனி அதையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். பல வீடுகளில் குழந்தை எடை ஏறாமல் நிற்பது அந்த ஓர் இடத்தில்தான்.

200 மி.லி. தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கேழ்வரகு மாவு கரைத்துக் காய்ச்சினால், மாவு ஏறத்தாழ 6 கிராம். கிடைப்பது 20 கலோரி. அதே அளவு தாய்ப்பாலில் சுமார் 130 கலோரி இருக்கிறது. கஞ்சியால் வயிறு நிரம்பிய குழந்தை அடுத்த முறை தாய்ப்பாலைக் குறைத்துக்கொள்ளும். கஞ்சி புட்டியில் இறங்கவில்லை என்று ஊசியைச் சுட்டு நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு. எவ்வளவு கழுவினாலும் நிப்பிளின் உள்மடிப்பில் மாவு ஒட்டிப் புளித்துப்போகும். வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. புட்டியே வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும். கரண்டியைச் சற்றுச் சாய்த்தாலும் வழியாமல் நிற்பதே சரியான பதம்.

பருப்புத் தண்ணீரும் இப்படித்தான். புரதம் அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. 30 கிராம் அரிசி, 15 கிராம் பாசிப்பருப்பு இரண்டையும் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் ஏறத்தாழ 195 கலோரி. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே 200 கலோரிதான். முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் வேளைக்கு 125 மி.லி. அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரு வயதுக்குள் உப்பும் தேனும் கூடாது. இரண்டு வயதுவரை சர்க்கரையும் வேண்டாம்.

"கெட்டியாகக் கொடுத்தால் விழுங்க மாட்டேன் என்கிறது" என்று தாய்மார்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேழ்வரகு மாவு வெந்ததும் களியாக இறுகிவிடும். இதற்கு நம் வீட்டு வழக்கத்திலேயே விடை உண்டு: முளைகட்டுவது. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதிக மாவு போட்டாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் குறையும்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீரைச் சொட்டச் சொட்ட வடித்து, ஈரத் துணியில் கட்டி ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை வைக்க வேண்டும். நீர் சரியாக வடியாவிட்டால் புளித்த வாடை அடிக்கும். பூஞ்சணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான், கழுவி எடுக்கப் பார்க்காதீர்கள். முளை விட்டதை, பல்லில் கடித்தால் 'நறுக்' என்று உடையும்வரை உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கிவிட்டு அரைக்கலாம். சிவக்க வறுத்தால் நொதி செத்துவிடும். பிறகு அது சாதா மாவுதான். 100 மி.லி. தண்ணீருக்கு 20 கிராம் மாவு, இறக்கும்போது அரைத் தேக்கரண்டி நெய். சாதா மாவில் காய்ச்சிய கஞ்சி இறுகிவிட்டால், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய மாவில் ஒரு தேக்கரண்டி கலக்குங்கள். சில நிமிடங்களில் இளகிவிடும். பிறகு மறுபடி கொதிக்கவைத்தே ஊட்ட வேண்டும். ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழியும் 'ராகிப் பால்' பற்றியும் சொல்ல வேண்டும்: சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இருப்பது தோலில், அது சக்கையோடு குப்பைக்குப் போகிறது. மாவைச் சல்லடையில் சலித்தாலே போதும்.

இரும்புச்சத்தைக் கேழ்வரகு மட்டும் தீர்த்துவைக்காது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கோழி ஈரல், ஆட்டுச் சுவரொட்டி இவற்றில் ஒரு மேசைக்கரண்டி அளவை வேகவைத்து மசித்து வாரம் ஒருமுறை கொடுக்கலாம். முட்டையை முழுதாகவே கொடுக்கலாம். வெள்ளைக் கருவை ஒரு வயதுவரை ஒதுக்க வேண்டியதில்லை. கீரை சாதத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீயில் நனைத்த பன் அதற்கு நேர் எதிரி. ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்டினால், சோறும் இறங்காது, ரத்தமும் ஊறாது.

செவிலியர் தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து வாரம் இருமுறை, 1 மி.லி. வீதம். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது மருந்தின் நிறம், நிறுத்தத் தேவையில்லை.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்தே வருகிறது; வீட்டில் இனிப்பு சேர்க்கக் கூடாது. கஞ்சியின் அளவையும் பதத்தையும் வாய்வார்த்தையாகச் சொல்வதால் பயன் குறைவு. மாதந்தோறும் எடை பார்க்கும் நாளில், மையத்திலேயே ஒரு பாக்கெட்டைப் பிரித்து, அளந்து, காய்ச்சி, ஒவ்வொரு தாயின் கையிலும் கரண்டியைக் கொடுத்துச் சாய்த்துப் பார்க்கச் செய்ய ஏற்பாடு வேண்டும். தேவைப்படுவது ஓர் அடுப்பும் அரை மணி நேரமும்.

இப்படிக்கு,
சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர்கள்,
தருமபுரி மாவட்டம்.