பனி உலர்வதற்குள் பார்த்துவிடு

குலசேகரம்,
ஐப்பசி 12.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நடுவில் வைக்கோல் நிறமும் விளிம்பில் மஞ்சளுமாக உன் புல்தரையில் விரியும் அந்த வட்டங்கள், வறட்சியால் வந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் போதாமல் காயும் புல் இவ்வளவு ஒழுங்கான வட்டமாகக் காயாது. ஹூஸ்டனில் வெயில் தணியும் இந்த மாதங்களில், நீ வளர்க்கும் செயின்ட் அகஸ்டின் புல்லை ரைசோக்டோனியா என்ற பூஞ்சை தாக்குவது வழக்கம்.

வட்டத்தின் விளிம்பில் ஓர் இலையைப் பிடித்து மெதுவாக இழு. அடி பழுப்பாக அழுகி, இலை கையோடு வந்தால் பூஞ்சைதான். வராமல் பிடித்து நின்றால் சாறு உறிஞ்சும் பூச்சியைத் தேட வேண்டும். விடியற்காலையில், பனி உலர்வதற்குள் பார்ப்பது நல்லது.

போன வருடம் நம் முற்றத்துக் கொரியன் புல்லில் நான் பட்ட பாடும் பூஞ்சையால்தான். வெளுத்திருக்கிறதே என்று யூரியாவை ஒரு கை கூடுதலாக வீசி, தினமும் அந்திக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு நாள் காலையில் தென்னை நிழலில் சிலந்தி வலைபோல வெள்ளை நூல் படர்ந்திருந்தது. வெயில் ஏறியதும் காணவில்லை. கடையில் தந்த பொடியை இருமுறை அடித்தும் பயனில்லை, ஏனென்றால் அந்தித் தண்ணீரை நான் நிறுத்தவில்லை. விடிய விடிய இலை நனைந்திருந்தால் எந்த மருந்து நிற்கும்? இத்தனை வருடம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே மக்களே, முதலில் உன் தெளிப்பானின் நேரத்தை மாற்றி, சூரியன் உதிக்கும்போது தண்ணீர் விட்டு முடியும்படி வை. மழையும் சேர்த்து வாரத்துக்கு 1 அங்குலம் போதும். புல்லின் மேல் ஒரு காலி டப்பாவை வைத்து அளந்துகொள். தழைச்சத்து உரம் வசந்தம் வரை வேண்டாம். ஈரத்தில் புல் வெட்டாதே, நோய்ப்பட்ட இடத்தைக் கடைசியாக வெட்டு, கத்தியைத் தீட்டி வை.

அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்ற பூஞ்சை மருந்து நோய் பரவுவதைத் தடுக்கும். பட்டுப்போன இலையைப் பச்சையாக்காது. இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன்பே ரப்பருக்குத் துருசு (செம்பு) மருந்து அடிப்பதும் அதனால்தான். அடுத்த வருடம் வட்டம் தெரியும் முன்பே, புரட்டாசியிலேயே அடித்துவிடு.

நாளைக் காலை இழுத்த இலையின் அடிப்பாகத்தை அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா