லிஃப்ட் போனால் அடுத்த லிஃப்ட் வரும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் அப்பா கடையைத் திறந்தார். ஒரு மணி நேரம்தான் உட்கார்ந்தார். இடது கையை இன்னும் சில வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் மிஷினில் உட்காரவில்லை. துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டும், பழைய அளவு நோட்டைப் புரட்டிக்கொண்டும் இருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த இந்த மடலை இன்று ராத்திரி எழுதிவிடுகிறேன்.

அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பதினோரு நாளும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அப்பாவின் நெஞ்சுக்குள் இப்போது பேஸ்மேக்கர் இருக்கிறது, ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். அது போதும்.

கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு ஒரு சிக்னலில்கூட மூச்சு விடாமல் வண்டியை ஓட்டியவருக்கு, கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு தீபாவளித் துணிகளை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்த எதிர்க் கடை அண்ணனுக்கு, அம்மாவைத் தனியாகப் படுக்க விடாத சித்திமார்களுக்கு, கேட்காமலே பணம் அனுப்பிவிட்டு "இதைப் பற்றிப் பேசக் கூடாது" என்று சொன்ன அப்பாவின் பள்ளித் தோழர்களுக்கு, பெங்களூரில் ஆராய்ச்சிக்காக நான் வளர்க்கும் தசைச் செல்களுக்கு நேரம் தவறாமல் ஊட்டத் திரவம் மாற்றிக் காப்பாற்றிய ஆய்வகத் தோழிகளுக்கு, எல்லோருக்கும் நன்றி. மயக்க மருந்து டாக்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இருப்பது மயோடானிக் டிஸ்ட்ரோபி, பிடித்த பிடியைத் தசை உடனே விடாத ஒரு பரம்பரை நோய். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற சில மயக்க மருந்துகளே மூச்சுக்கு ஆபத்தாகிவிடும். நான் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு ஓடிப்போய் நின்றபோது, "உட்காரும்மா, முதல்லேர்ந்து சொல்லு" என்றார். அப்புறம் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வைத்தார்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக. வார்டில் எல்லோரும் ஆயாம்மா என்று கூப்பிடும் ஒருவருக்காக. பெயர் போடலாமா என்று கேட்டேன். "என் பேரெல்லாம் எதுக்குத் தாயி" என்று சொல்லிவிட்டார். அதனால் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை. அப்பாவைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பயத்தில் கட்டில் ஓரத்துக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். ஏசி வேறு. "கையை விடுங்க பெரியவரே" என்றார் தள்ளுகிறவர். அப்பா விடவில்லை. விட முடியவில்லை. "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க, விடுங்க" என்று இன்னொருவர் குரல் உயர்த்தினார். லிஃப்ட் வந்து நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன்.

ஆறு வருடமாக நான் ஆராய்ச்சி செய்வது அந்தக் கையைத்தான். அந்த விரல்கள் ஏன் சொன்னவுடன் விரிவதில்லை என்பதை மூலக்கூறு அளவில் சொல்லத் தெரிந்தவள் அந்த வார்டிலேயே நான் ஒருத்திதான். அந்த நானே இழுத்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். என் கையை மெதுவாக விலக்கினார். தன் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அப்பாவின் கை மேல் பொத்தி வைத்தார். "அண்ணே, அவசரமில்ல. அது எப்ப விடுதோ அப்ப விடட்டும்" என்றார். லிஃப்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏதோ சொல்ல, திரும்பிக்கூடப் பார்க்காமல், "லிஃப்ட் போனா அடுத்த லிஃப்ட் வரும்யா" என்றார். பிறகு அப்பாவின் கட்டைவிரலில் இருந்த காய்ப்பைப் பார்த்து, "தையக்காரரா நீங்க?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். எத்தனை வருடம் என்று கேட்டார். முப்பத்தி நாலு என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் விரல்கள் தானாக விரிந்துவிட்டன. கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. லிஃப்டும் போகவில்லை.

அந்தக் கால் நிமிடத்தை அப்பாவுக்குக் கொடுக்க ஆட்கள் ரொம்பக் குறைவு என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பஸ்ஸில் கம்பியை விட நேரமாகி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கியிருக்கிறார். கல்யாண வீடுகளில் கை கொடுக்க மாட்டார், கும்பிடுவார். மரியாதை தெரிந்த மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். காலையில் வெட்ட ஆரம்பிக்கும் முன்னால் கத்தரிக்கோலை வெறும் காற்றில் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுவார். தொழிலுக்குச் செய்கிற பூஜை என்று நான் நினைத்திருந்தேன். திரும்பத் திரும்ப அசைத்தால் அந்த இறுக்கம் தளரும் என்பதை அவர் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார். நாற்பத்தி நாலு வயதில் இரண்டு கண்ணிலும் புரை வந்தபோது கண் டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டார். மயோடானிக் டிஸ்ட்ரோபி என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ஆயாம்மா பார்க்க வந்தார். கட்டில் ஓரமாக நின்றுகொண்டு, "ஏன் தாயி, அப்பா கை ஏன் அப்படி மாட்டிக்கிது?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை. ஆங்கிலத்தில், படங்களோடு, மாநாடுகளில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தமிழில், அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். தையல் பாஷையில் சொன்னேன்.

உடம்புக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் டிஎன்ஏவில் அளவு நோட்டு இருக்கிறது. அதிலிருந்து எடுக்கிற நகல்தான் ஆர்என்ஏ. அது வெட்டாத துணி மாதிரி. வேண்டாத துண்டுகளை நீக்கி, வேண்டியதைச் சேர்த்துத் தைத்தால்தான் சட்டையாகும். எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். மசில்பிளைண்ட் என்ற புரதம். குழந்தை பிறந்து வளரும்போது, இனிமேல் குழந்தை அளவு வேண்டாம், பெரியவர் அளவில் வெட்டு என்று தசைக்குச் சொல்வது அவர்தான். அப்பாவுக்கு 19-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவின் வால் பகுதியில் சி, டி, ஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோருக்கும் அது உண்டு, ஐந்திலிருந்து முப்பத்தைந்து தடவை போல. ஐம்பதைத் தாண்டினால் வம்பு. சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். அப்படி நீண்டுபோன இடத்திலிருந்து எடுத்த ஆர்என்ஏ, செல்லின் உட்கருவை விட்டு வெளியே போகாமல் சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி அங்கேயே கிடக்கும். கட்டிங் மாஸ்டர் போய் அதில் மாட்டிக்கொள்வார். மாஸ்டர் இல்லாத கடையில், ஐம்பத்தி மூன்று வயது ஆளுக்குக் குழந்தை அளவில் வெட்டுவார்கள். குளோரைடு என்ற உப்புத் துகளை உள்ளே விட்டுத் தசையை அமைதிப்படுத்துகிற வாசல் ஒன்று உண்டு, அந்தக் குளோரைடு வாசல் அப்படித் தப்பாக வெட்டுப்பட்டுப் பாதியிலேயே நின்றுபோகிறது. அதனால்தான், நரம்பு "போதும், விடு" என்று சொன்ன பிறகும் தசை கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதை தடுமாறுவதற்கும் வேர் இதே சிக்கலில்தான்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மாஸ்டர் நல்லவருதான். பாவம், மாட்டிக்கிட்டாரு" என்றார்.

இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நோயை விவரித்து எழுதியது 1909-ல். அந்த மூன்றெழுத்து அகப்பட்டது 1992-ல். புரதத்தை எழுதுகிற பகுதியிலேயே பிழை இல்லை, பிறகு எப்படி நோய் என்று எல்லோரும் திகைத்தார்கள். 2000-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவில் அந்த நீண்ட சரத்தை வைத்து எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளின் தசையும் இறுகியது. குற்றவாளி ஆர்என்ஏதான் என்று அப்போது தெரிந்தது. மசில்பிளைண்டை முதலில் கண்டது மனிதரிலோ எலியிலோ அல்ல, பழ ஈயில். அது இல்லாத ஈக்களுக்குத் தசையும் கண்ணும் சரியாக உருவாகவில்லை. யாருக்கு உதவும் என்று தெரியாமலே ஈயின் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். 2007-ல் அந்த எலிகளின் தசையில் அந்தக் குளோரைடு வாசலின் ஒரே ஒரு வெட்டை மட்டும் சரிசெய்தார்கள், இறுக்கம் போய்விட்டது. இப்போது அந்த ஆர்என்ஏவையே குறிவைக்கும் மருந்துகள் மனிதர்களில் சோதனைக்கு வந்துவிட்டன.

இன்னொரு கூட்டத்துக்கும் நன்றி பாக்கி. தன் தொடையிலிருந்தோ கெண்டைக்காலிலிருந்தோ ஒரு துண்டுத் தசையை வெட்டிக் கொடுத்த நோயாளிகள். அப்படி ஒருவர் கொடுத்த செல்களைத்தான் நான் ஆறு வருடமாக வளர்க்கிறேன். குப்பியில் ஓர் எண் மட்டும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கருவுக்குள் அந்தச் சிக்கல்கள் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக மின்னும். அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இனிமேல் அப்படிச் சொல்ல வாய் வராது என்று நினைக்கிறேன். அந்த எண்ணுக்குப் பின்னாலும் எதையோ பிடித்துவிட்டு விட முடியாமல் நின்ற ஒரு கை இருக்கிறது.

எனக்கும் இருக்கிறதா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதனை செய்துகொண்டேன். விடை என்னிடமும் அம்மாவிடமும் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கேட்ட அன்புக்கு நன்றி.

இரண்டு காரியம் செய்வதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சட்டைப்பையில் வைக்கிற அளவில் ஒரு அட்டை, தமிழில் அச்சடிக்கப் போகிறேன். "எனக்கு மயோடானிக் டிஸ்ட்ரோபி இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டரிடம் இதைக் காட்டுங்கள். வருடம் ஒருமுறை எனக்கு ஈசிஜி எடுக்க வேண்டும். என் கை விரிய நேரமாகும், இழுக்காதீர்கள்." உங்கள் வீட்டில் பிடித்த பிடி விட நேரமாகிறவர்கள், சின்ன வயதில் கண்ணில் புரை வந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அட்டை அனுப்புகிறேன். நரம்பியல் டாக்டரை ஒருமுறை பாருங்கள், கூடவே இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கையைக் கவனித்தோம், நெஞ்சைக் கவனிக்கவில்லை. படித்தவள் நான் இருந்தும் கவனிக்கவில்லை.

இரண்டாவது காரியம், அப்பாவின் விரலை இனி ஒருநாளும் இழுக்க மாட்டேன்.

ஆயாம்மாவுக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு அப்பா நேராக ஆயாம்மாவிடமே அளவு ஜாக்கெட் கேட்டுவிட்டார். முதலில் மறுத்தவர், கிளம்பும்போது காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று காலை அப்பா அதை விரித்து வைத்து, நீலத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டார். துணி நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். கத்தரிக்கோலைப் பதினைந்து தடவை காற்றில் திறந்து மூடிவிட்டு வெட்டினார். முடித்த பிறகு விரல் கத்தரிக்கோலை விட்டு வரும்வரை இரண்டு பேரும் சும்மா நின்றோம். தைப்பது அம்மா, கொக்கி கட்டுவதும் அம்மா. சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன் ஆயாம்மா, காலை ஷிஃப்டில் இருப்பீர்கள்தானே?

அன்புடன்,
தையக்காரர் மகள்