புகார்ப் பெட்டியின் சாவி யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறைக்குள் செல்போன் சிக்கியதால் வார்டர்கள் இருவர் பணியிடை நீக்கம் என்று உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஒழுங்கீனத்துக்கு இங்கே இடமில்லை என்ற வழக்கமான வாசகத்தோடு அதிகாரியின் பேட்டியும் பக்கத்திலேயே இருந்தது. வார்டராகச் சேர்ந்து தலைமை வார்டராக ஓய்வு பெற்றவன் நான். அந்த வாசகத்தை எத்தனை காலைப் பரேடுகளில் வெயிலில் நின்று கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வார்டர்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. காசு வாங்கிக்கொண்டு போன் கொண்டுபோய்க் கொடுப்பவன் இருக்கத்தான் செய்கிறான். மாட்டினால் மாட்டட்டும். ஆனால் இந்த வலை எப்போது வீசினாலும் ஏன் அடிமட்டத்திலேயே நின்றுவிடுகிறது?

வாசல் சோதனையைச் சொல்கிறேன். உள்ளே போகும்போது நாங்கள் ஷூவைக் கழற்ற வேண்டும், பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து கரண்டிக் காம்பை விட்டு ஒரு கிளறு கிளறுவார்கள். சரி, வேலை அப்படிப்பட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. அதே வாசலில் பெரிய அதிகாரியின் கார் வந்தால் ஹாரன் சத்தத்துக்கே கதவு திறந்துவிடும். அந்த டிக்கியை யாரும் திறந்து பார்த்து நான் பார்த்ததில்லை. நானும் திறந்ததில்லை. சல்யூட் அடித்துவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஒரு நாள் அப்படிக் காரில் வந்து இறங்கியவர், தடை செய்யப்பட்ட பொருட்கள் எந்தெந்த வழியில் உள்ளே வருகின்றன என்று முக்கால் மணி நேரம் பரேடில் பேசினார். ஷூ, பெல்ட், பாத்திரம், மதில் மேல் எறியும் பொட்டலம் எல்லாம் அதில் வந்தன. கார் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன் இருமினான். அன்று இரவே அவனுக்குக் கோபுரக் காவல் போட்டார்கள்.

அப்புறம் வீட்டு வேலை. அதிகாரியின் குடியிருப்பில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காரைக் கழுவுவதும் கைதிகள்தான். பதிவேட்டில் அதற்கு 'வளாகப் பராமரிப்பு' என்று பெயர். சிறை ஊழியர் எவருடைய சொந்த நன்மைக்காகவும் கைதியை வேலை செய்யச் சொல்லக்கூடாது என்று ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன, 97ஆம் விதி. அந்த விதிகளை அழகாக அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியைத் துடைத்ததும் ஒரு கைதிதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். எதில் போய் முடிகிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் பெண்களுக்கான மத்திய அரசுச் சிறை ஒன்று இருந்தது. சிறைகளில் நடக்கும் பாலியல் கொடுமையைத் தடுக்க அந்த நாட்டில் 2003இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை எப்படிப் பின்பற்றுவது, கொடுமை நடந்தால் எப்படிப் புகார் செய்வது என்று அங்கே ஊழியர்களுக்கும் கைதிகளுக்கும் பயிற்சி தரும் பொறுப்பில் இருந்தவர் ரே கார்சியா. பின்னாளில் அந்தச் சிறைக்கே தலைவரானார். கைதிகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகவும், விசாரணைக்கு வந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகளிடம் பொய் சொன்னதாகவும் 2022 டிசம்பரில் அவரைக் குற்றவாளி என்று ஜூரி தீர்மானித்தது. 2023 மார்ச்சில் 70 மாதச் சிறைத்தண்டனை. பிரார்த்தனை நடத்த வந்த அந்தச் சிறையின் மதகுருவும் ஒரு கைதியிடம் இதே வேலையைச் செய்து 84 மாதம் வாங்கியிருக்கிறார். கடைசியில் 2024 ஏப்ரலில் சிறையையே மூடிவிட்டார்கள்.

அந்த வழக்கில் என்னை உறுத்திய ஒன்று உண்டு. ஊழியர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கிறவர் தனக்கு நெருங்கிய நண்பர், தன்னை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது என்று பாதிக்கப்பட்ட பெண்ணிடமே கார்சியா சொன்னதாக நீதிமன்ற ஆவணம் கூறுகிறது. வகுப்பில் அவர் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்? பயப்படாமல் புகார் செய்யுங்கள் என்றுதானே? அந்தப் புகார் எந்த மேஜையில் போய் விழும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நான் பணியாற்றிய சிறையிலும் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. பச்சை வர்ணம், சின்னப் பூட்டு, மேலே 'தயங்காமல் எழுதுங்கள்' என்று வெள்ளை எழுத்து. சாவி கண்காணிப்பாளரின் மேஜை இழுப்பறையில், பேனா மூடிகளோடும் ரப்பர் ஸ்டாம்போடும் கிடக்கும். வாரம் ஒரு முறை அவருடைய எழுத்தர் வந்து திறப்பார். பெயர் போடாமல் எழுதினாலும் பலனில்லை. ஒரு பிளாக்கில் ஓடும் கையெழுத்தில் எழுதத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கும் அவர்கள்தான் எழுதிக் கொடுப்பார்கள். காகிதத்தைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிடும். மாலை லாக்கப்புக்கு முன்னால் எழுதியவனுக்கு இடமாற்றம், காரணம் 'நிர்வாக நலன்'. அவனைப் படுக்கை மூட்டையோடு வேறு பிளாக்குக்கு நடத்திக் கூட்டிப்போனவன் நான். வழியில் அவனும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு வழி தெரியாமல் யாரும் திண்டாடவில்லை. திகார் சிறையில் ஒரு தலைமை வார்டர் (என் பதவிக்காரர், எழுதவே கூசுகிறது) பணம் பறிப்பதற்காகக் கைதி ஒருவரைக் குரூரமாகச் சித்திரவதை செய்ததை, அங்கிருந்த மற்றொரு கைதியான சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. காயத்துக்கு மூலநோய்தான் காரணம் என்றுகூட ஒரு விளக்கம் அதன் முன் வந்தது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பில், சிறைகளில் குறைகேட்புப் பெட்டிகள் மாவட்ட மாஜிஸ்திரேட், அமர்வு நீதிபதி ஆகியோரின் உத்தரவின்கீழ் இருக்க வேண்டும், அடிக்கடி திறக்கப்பட வேண்டும், எல்லாக் கைதிகளும் அதை அணுக முடிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் சிறை அதிகாரியின் மேஜை வழியாகப் போயிருந்தால் இந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

ஆகவே, அடுத்த முறை ஒழுங்கைப் பற்றிப் பேட்டி எடுக்கப் போகும் உங்கள் நிருபர் இரண்டே இரண்டு கேள்வி கேட்கட்டும். புகார்ப் பெட்டியைத் திறப்பது யார்? அதிகாரியின் காரைச் சோதனை போட்டதாக வாசல் நோட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா? பதில் சொல்ல மறுத்தால், மறுத்ததையே செய்தியாகப் போடுங்கள். வார்டர் இருவரின் பெயரையும் ஊரையும் போட இடம் இருந்ததே, இதற்கும் இருக்கும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். நான் ஓய்வு பெற்றவன், எனக்கு இனி மெமோ வராது. என்னோடு வேலை பார்த்த பையன்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். இந்தக் கடிதம் வந்த அன்று என்னோடு போனில் பேசுகிறவர் யார் யார் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை வார்டர்