கரைக்குள் இருக்கும் பொந்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளங்களைத் தூர்வாரும் பணி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தூர்வாருவது சரி, ஆனால் வெள்ளத்தைத் தாங்கப் போவது கரைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் கோரம்பள்ளம் உட்படப் பல குளங்கள் உடைந்தன. தண்ணீர் மேலேறி வழிந்தால்தான் மண்கரை உடையும் என்றில்லை. உள்ளே அரித்தும் உடையும்.

எங்கள் ஊர்க் குளக்கரையில், வெட்டிய சீமைக்கருவேலத்தின் வேர்கள் மட்கி, கை நுழையும் அளவுக்குப் பொந்துகள் விழுந்திருக்கின்றன. போன ஐப்பசியில் மடைக்குப் பக்கத்தில் கரையின் அடியில் தண்ணீர் கசிந்தது. முதலில் தெளிவாகத்தான் வந்தது. மறுநாள் பொழுது சாயும்போது கலங்கி, செம்மண் நிறத்தில் வந்தது. கரைந்து வந்தது கரையின் மண். விடிய விடிய மணல் மூட்டை அடுக்கித்தான் காப்பாற்றினோம். ஆகவே, புரட்டாசி முடிவதற்குள் பொறியாளரும் அந்தந்த ஊர் விவசாயிகளும் சேர்ந்து ஒவ்வொரு கரையையும் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். பொந்துகளைத் தோண்டி, களிமண் இட்டு, அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். அப்புறம், மணல் மூட்டைகளை மடைக்கு அருகிலேயே இருப்பு வைக்க வேண்டும்.

– ஒரு விவசாயி, ஸ்ரீவைகுண்டம் வட்டம்