திருப்பி அனுப்பிய மனுவை வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய சட்டக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுத் தந்த மனு, 'மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரவும்' என்ற குறிப்போடு போன வாரம் திரும்பி வந்தது. அதில் என்ன கேட்டிருந்தோம் என்று யாராவது படித்தீர்களா? பொதுச் சட்டத்தின் கடுமையை நியாயம் பார்த்துத் தளர்த்த இங்கிலாந்தில் உருவான ஈக்விட்டி முறை பற்றிய பாடத்துக்கு மட்டும் வாரம் ஒரு மணி நேரம் தமிழில் விளக்கம். அவ்வளவுதான்.

நாங்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். தேர்வு ஆங்கிலத்தில், வகுப்பில் விளக்கம் மலையாளத்தில். மலையாளம் தெரியாது என்று சொல்லவில்லை. பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடும் அளவுக்கு வரும். புரிந்த மாதிரியே இருப்பதுதான் சிக்கல்.

அடமானப் பாடம் நடந்த அன்று 'பணயம்', 'அவகாசம்' என்று காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டேன். பணயம் என்றால் நமக்குப் பணயக்கைதிதான் நினைவுக்கு வரும். அங்கே அது அடமானம். அதையாவது ஊகித்துவிட்டேன். அவகாசம்தான் கவிழ்த்தது. தமிழில் அது கெடு நீட்டிப்பு, மலையாளத்தில் உரிமை. கெடு தவறினால் நிலம் போயிற்று என்றது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் (காமன் லா). கெடு போனாலும் கடனைக் கட்டி மீட்கலாம் என்றது ஈக்விட்டி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 60ஆம் பிரிவில் தருவதும் அந்த உரிமையைத்தான். நானோ, 'மீட்க அவகாசம் உண்டு, அது முடிந்தால் நிலம் கடன் கொடுத்தவருக்கு' என்று இன்டர்னல் தேர்வில் எழுதிவைத்தேன். ஈக்விட்டி எதை மாற்ற வந்ததோ அதையே ஈக்விட்டி என்று! பூஜ்யம் போட்டது சரிதான். தாத்தா காலத்தில் அடமானத்திலிருந்து மீண்ட தென்னந்தோப்பில் வளர்ந்தவள் எழுதிய பதில் அது.

ஈக்விட்டியின் விதிப்படி, நியாயம் கேட்பவர் சுத்தமான கையோடு வர வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் பாடத்தின் இரண்டாம் வகுப்புக்கு நான் வரவில்லை.

ஆனால் ஒன்று. ரிட் என்ற ஆணைக்கு வகுத்த படிவங்களில் அடங்காத வழக்குக்குப் பொதுச் சட்ட நீதிமன்றங்களில் இடமில்லை என்பதால்தானே ஜனங்கள் அரசரின் உயர் அதிகாரியான சான்சலரிடம் மனுவோடு போனார்கள்? நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அவருடைய நீதிமன்றமான சான்சரி 15ஆம் நூற்றாண்டிலேயே மக்கள் பேசிய ஆங்கிலத்தில் மனு வாங்கியது. பொதுச் சட்ட நீதிமன்ற ஏடுகள் லத்தீனை விட 1733 ஆயிற்று. நம் அலுவலகம் இதில் எந்தப் பக்கம் என்று தேர்வில் கேட்டால், இந்த முறை தப்பில்லாமல் எழுதுவேன்.

குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. பாலக்காட்டில் தமிழ் வழங்குகிறதா என்று சந்தேகமிருந்தால் காலையில் எங்கள் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். விடுதிப் படிவம், உதவித்தொகைப் படிவம் என்று ஆரம்பித்தால் இது முடியாது. சரி, அதை விடுங்கள்.

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் மன்னிக்கவும். பாலக்காட்டுச் சித்தூரில் வழக்காடும் தமிழ் வக்கீல் ஒருவர் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் வந்து பாடம் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஒரு அறையும் ஒரு மணி நேரமும் தந்தால் போதும். மனுவின் நகலை மறுபடி இணைத்திருக்கிறேன், தமிழில்தான். செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் தயவுசெய்து வாங்கிப் படித்துப் பதில் தாருங்கள்.

பணிவுடன்,
உங்கள் மாணவி